பேரனுக்குப் போன மாத்திரை மெசேஜ்

வேலூர்ல பொது சுகாதார ஆராய்ச்சில வேலை செய்றேன்னு சொன்னா மொதல்ல வர்ற கேள்வி "டாக்டரா?"ங்கறதுதான். இல்லீங்க, நான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவ. போன் வழியா ஜனங்களுக்கு உடம்பு பத்தின தகவல் அனுப்பறது, போன்லயே வீடு வீடா கணக்கு எடுக்கறது, அந்தக் கணக்க வெச்சு ஒரு நோய் எப்படிப் பரவும், எத்தன பேருக்கு ஊசி போட்டா நிக்கும்னு மாடல் போடறது, இதான் என் பொழப்பு. புதுசா இந்த வேலைக்கு வர்ற புள்ளைங்க எந்த ஆப் நல்லது, கணக்குப் போடற ப்ரோக்ராம் மொழில ஆர் கத்துக்கறதா பைத்தான் கத்துக்கறதானு கேக்கறாங்க, அந்த நம்பருக்குப் பின்னாடி யார் இருக்காங்கனு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் ப்ராஜெக்ட் கவுறறது அங்கதான்.

நான் சேர்றதுக்கு முன்னாடியே ஓடிட்டிருந்த வேலை ஒண்ணு, பி.பி. சுகர் இருக்கறவங்களுக்கு மாத்திரைய ஞாபகப்படுத்தி எஸ்எம்எஸ் அனுப்பறது. கம்ப்யூட்டர்ல பாத்தா டெலிவர்டு, டெலிவர்டு, டெலிவர்டுனு வரிசையா பச்சையா நிக்கும், பாக்கவே அவ்ளோ அழகு. நேர்ல ஒரு தடவ பாத்துட்டு வரலாம்னு ஒடுகத்தூர் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். திண்ணைல மொறத்த மடில வெச்சு பீடி சுத்திட்டிருந்த ஆயா கிட்ட "ஆயா, மாத்திரை மெசேஜ் வருதா போன்ல?"னு கேட்டேன். கைய நிறுத்தவே இல்ல. "எந்த போன்லமா? அது என் பேரன் நம்பரு. அவன் ஓசூர்ல கம்பெனில கீறான். நான் மாத்திர துன்னனா இல்லியானு அவனக் கேட்டா அவனுக்கு இன்னா தெரியும்?"

அப்பறம் உள்ள போய் ஒரு பழைய டிபன் பாக்ஸ எடுத்துட்டு வந்தாங்க. அதுல மாத்திரை அட்டைங்க, ஒரு அட்டைல ஒரு ரப்பர் பேண்டு, இன்னொண்ணுல ரெண்டு. ஒண்ணு போட்டது காலைல, ரெண்டு போட்டது ராத்திரில. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு மாத்திரை கொண்டு வர்ற பொண்ணு கட்டிக் குடுத்ததாம். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, மெசேஜ் அவங்க கைக்கே வந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது, ஆனா ஒரு வேளை கூட விடல, அட்டைய எண்ணிப் பாத்தேன், சரியா இருந்துச்சு. எங்க ரிப்போர்ட்ல அவங்க "மெசேஜ் பெற்று பயனடைந்தவர்". பயன் என்னவோ நெசம்தான், அது ரப்பர் பேண்டால வந்தது.

அதுலேர்ந்து, பதிவு ஃபாரத்துல "செல் நம்பர்"னு ஒரே ஒரு கட்டம் மட்டும் இருந்தா நான் ஓகே சொல்றதில்ல. இது யார் போன், பகல்ல யார் கைல இருக்கும், வந்தத யார் படிச்சு சொல்வாங்க, எந்த பாஷைல சொன்னா புரியும், இந்த சிம்ம எவ்ளோ நாளா வெச்சிருக்கீங்க, இது அத்தனையும் கேட்டே ஆகணும். ஃபாரம் நீளமாவுதேனு மேல இருக்கறவங்க மொணகுவாங்க, மொணகட்டும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல, தான் பயன்படுத்தற போன் தங்கிட்ட இருக்குனு சொன்ன பொம்பளைங்க இந்தியா முழுக்க 54 சதவீதம்தான், தமிழ்நாடு அதுக்கு எவ்ளோவோ மேல, ஆனா இங்கயும் எல்லார் கிட்டயும் இல்ல. அந்த சர்வே கேட்டது 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ளவங்கள, நம்ம பி.பி. ஆயா அந்தக் கணக்குலயே வரமாட்டாங்க. இன்னொண்ணு, விட்டுப்போன நம்பர் சில மாசத்துல வேற யாருக்கோ போயிடும். அதனால காசநோய், எச்ஐவி மாதிரி விஷயத்துல நோய் பேரையே மெசேஜ்ல போடாதீங்க, "உங்க நர்ஸம்மாவப் பாருங்க"னு மட்டும் போட்டா போதும், யார் கைல கெடச்சாலும் யாருக்கும் மானக்கேடு இல்ல.

தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பறவங்களுக்கு ஒரு விஷயம். இங்கிலீஷ்னா ஒரு மெசேஜ்ல 160 எழுத்து. தமிழ்னா 70தான், ரெண்டு மூணா நீண்டா ஒவ்வொண்ணுலயும் 67. அந்த 70ம் நம்ம எண்ற எழுத்து இல்ல, கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் போன் தனித்தனியா எண்ணும். "மாத்திரை" நமக்கு நாலு எழுத்து, அதுக்கு எட்டு. "வணக்கம், தாங்கள் தவறாமல்"னு மரியாதையா ஆரம்பிச்சீங்கனா விஷயம் வர்றதுக்குள்ள மூணுல ஒரு பங்கு மெசேஜ் காலி, 70 தாண்டினா காசும் ரெண்டு மடங்கு. இதுல வாசகத்த முன்கூட்டியே டிஎல்டிங்கற டெலிகாம் கம்பெனிங்க பதிவேட்டுல பதிவு பண்ணி அனுமதி வாங்கணும், நடுவுல ஒரு வார்த்தைய மாத்தினாலும் நெட்வொர்க் தூக்கிப் போட்டுடும். அதனால பதிவு பண்றதுக்கு முன்னாடியே நாலு பேர் வீட்ல சத்தமா படிச்சுக் காட்டி, "இதுல என்ன செய்யச் சொல்றாங்க?"னு அவங்க வாயாலயே சொல்ல வையுங்க. "உட்கொள்ளவும்"னு போட்டு வந்த வாசகத்த நான் ரெண்டு ப்ராஜெக்ட்ல அடிச்சிருக்கேன். வீட்ல யாராவது உட்கொள்றாங்களா?

குரல் கால் எவ்ளோவோ மேல். மத்திய அரசோட கில்காரி கூட அப்படித்தான், கர்ப்பிணிக்கும் பச்ச புள்ளக்காரிக்கும் வாரம் ஒரு கால், மொத்தம் 72. ஆனா நம்ம பக்கத்துல கால் எடுக்க வெக்கறதே ஒரு கலை. தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா பொம்பளைங்க எடுக்க மாட்டாங்க, ஏன்னா அது குழு லோன் வசூல் பண்றவங்களா இருக்கும். டியூ கட்ற நாள் எதுனு ஊர்ல விசாரிச்சு, அன்னிக்கும் அதுக்கு மொத நாளும் நாங்க கால் போடறதையே நிறுத்தினோம், எடுக்கறவங்க எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏறுச்சு. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போற பொண்ணுங்க விடியக்காலைல கம்பெனி பஸ் ஏறினா திரும்பறது இருட்டினப்பறம், வேலை நேரத்துல போன் கைல இருக்காது, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான். பீடி சுத்தறவங்க பகல்லயே ஸ்பீக்கர்ல போட்டுட்டு கேப்பாங்க, ஆனா பக்கத்துல நாலு பேர் சேர்ந்து சுத்திட்டிருப்பாங்க, அந்தரங்கமான கேள்வி கேக்க முடியாது. அப்பறம் பாஷை. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம்னா உருது வேணும், குடியாத்தம் தாண்டி ஆந்திரா எல்லைப் பக்கம் தெலுங்கு வேணும். சென்னைல ஸ்டூடியோல செய்தி வாசிக்கற குரல்ல ரெக்கார்டு பண்ணி அனுப்பினா பேங்க் விளம்பரம்னு நெனச்சு கட் பண்ணிடறாங்க. எங்களுக்கு வேலைக்கு ஆனது ஒரு சப் சென்டர் நர்ஸம்மாவோட குரல்தான், தும்மல் ஒண்ணு கூட உள்ள இருக்கு, அத எடுக்க வேணாம்னுட்டேன்.

போன் நல்லதுக்கு மட்டும் ஓடாதுங்கறத 2017லயே தமிழ்நாடு பாத்துடுச்சு. பிப்ரவரில மீசில்ஸ் ரூபெல்லா ஊசி, ஒம்போது மாசக் கொழந்தைலேர்ந்து பதினஞ்சு வயசுக்குள்ள இருக்கறவங்க வரைக்கும் போட ஆரம்பிச்சப்போ வாட்ஸ்ஆப்ல கண்ட வதந்தியும் சுத்தி, பள்ளிக்கூடத்துலயே பெத்தவங்க வேணாம்னாங்க, கெடுவ நீட்டிக்க வேண்டியதாச்சு. அதுக்கு எதிரா வீடியோ எடுத்து அனுப்பறத விட, ஊர்க் குரூப்ல யார் அட்மின்னு கண்டுபுடிச்சு அவர் கிட்ட நேர்ல ஒரு டீ குடிக்கறது பலன் குடுக்கும். ஊர்க் குரூப் அட்மின் பெரும்பாலும் ஒரு செல் கடைக்காரரா இல்ல வார்டு மெம்பர் தம்பியா இருப்பார்.

சரி, இனிமே மாடல் பக்கம். தட்டம்மைய எடுத்துக்குவோம். யாருக்கும் எதிர்ப்பு சக்தி இல்லாத ஊர்ல ஒரு நோயாளி சராசரியா எத்தன பேருக்குப் பரப்புவாருங்கறதுதான் ஆர் நாட், தட்டம்மைக்கு வழக்கமா சொல்றது 12லேர்ந்து 18. ஒண்ணுலேர்ந்து, ஒண்ண அந்த எண்ணால வகுத்துக் கழிச்சா எவ்ளோ பேருக்கு எதிர்ப்பு சக்தி வேணும்னு வரும். 15னு வெச்சா 93 சதவீதம் சொச்சம். கணக்கு இவ்ளோதான், 1927ல கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் எழுதின சமன்பாடு இன்னிக்கும் லேப்டாப்ல ஒரு நொடில ஓடிடும். அப்ப நம்ம ஊர்ல எத்தன சதவீதம்? இங்கதான் சனியன் ஆரம்பிக்குது.

ஒரு கற்பனைக் கணக்கு போடறேன். ரெஜிஸ்டர்ல 100 கொழந்தைங்க, 85 பேருக்கு ஊசி போட்டாச்சு. 85 சதவீதம். ஆனா அந்த 100ல 12 கொழந்தைங்க அம்மாவோட அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்து பொறந்ததுங்க, இப்ப அப்பா ஊருக்குப் போயாச்சு, ரெஜிஸ்டர்ல பேர் மட்டும் நிக்குது. அதுல 6 பேர் ஊசி போட்டவங்க. அத எடுத்துட்டா 88க்கு 79, கிட்டத்தட்ட 90 சதவீதம், ஆஹா நல்லாருக்கே. ஆனா ஊர் ஓரத்துல செங்கல் சூளைல, தை மாச வாக்குல வந்து தங்கின குடும்பங்கள்ல 10 கொழந்தைங்க, எந்த ரெஜிஸ்டர்லயும் கெடையாது, ஊசியும் கெடையாது. சேத்தா 98க்கு 79, 81 சதவீதத்துக்குக் கீழ. ஒரே ஊர், ஒரே மாசம், மூணு பதில். அதுலயும் அந்த 10 பேரும் ஒரே எடத்துல, ஒரே தண்ணித் தொட்டி கிட்ட வெளையாடறாங்க, அவங்களுக்குள்ள ஊசி போட்டவங்க பூஜ்யம். ஊர் சராசரி 95 வந்தாலும் நோய் வந்தா அங்க பத்திக்கும். சராசரிய மட்டும் பாக்கற மாடலுக்கு அது தெரியவே தெரியாது.

அம்மா வீடுங்கறது நம்ம பக்கத்துல சாதாரண விஷயம் இல்லீங்க. கல்யாணம் ஆனதும் ஆடிக்கு அம்மா வீடு, வளைகாப்பு முடிஞ்சா அம்மா வீடு, கொழந்தை பொறந்து மூணு மாசமோ அஞ்சு மாசமோ அங்கதான். கர்ப்பத்த புருஷன் ஊர்ல பதிஞ்சிருப்பாங்க, பிரசவம் அம்மா ஊர் பக்கத்து ஆஸ்பத்திரில, மொத தடுப்பூசி அங்க, அடுத்தது இங்க. தமிழ்நாட்டுல 2008லேர்ந்து பிக்மினு கர்ப்பிணிங்களப் பதியற அரசாங்கக் கம்ப்யூட்டர் பதிவு இருக்கறதால கர்ப்பிணிய நம்பர் வெச்சுத் தொடர முடியுது, பிறப்புச் சான்றுக்கே அந்த நம்பர் கேக்கறாங்க, மத்த மாநிலத்துக்காரங்க இதப் பாத்து பொறாமப்படறாங்க, படலாம், தப்பில்ல. ஆனா ஆராய்ச்சிக்காரங்க தனியா ஒரு ஐடி போட்டு, ரெண்டு ஊர்லயும் அதே பொண்ண ரெண்டு ஆளா எண்ணி, ஒரு ஊர்ல "தொடர்பு விட்டுப்போனவர்"னு எழுதி வெச்சிருக்கறத எத்தனையோ டேட்டாவுல பாத்துட்டேன். நான் பழகின ஒரு கிராம சுகாதார செவிலியர் இதுக்கு ஒரு வழி வெச்சிருந்தாங்க. ஈசி ரெஜிஸ்டர்னு கல்யாணமான ஜோடிங்க பேர எழுதற நோட்டு ஓரத்துல பென்சில்ல அம்மா ஊர் பேரும், அந்த ஊர் நர்ஸோட நம்பரும் எழுதிடுவாங்க. "இவ எங்க போனானு இவ மாமியாக்குத் தெரியாது மேடம், அந்த ஊரு சிஸ்டருக்குத் தெரியும்"னாங்க. எங்க ஆப்ல அப்படியே ஒரு கட்டம் சேத்தோம். தொடர்பு விட்டுப்போனவங்க லிஸ்ட் சரசரனு கொறஞ்சது அந்த ஒரு கட்டத்தாலதான்.

மலைல கத வேற. அணைக்கட்டுக்கு மேல பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லைப் பக்கம் சிக்னல் ஒரு பாறை மேல ஏறினாத்தான் கெடைக்கும், அதனால ஆஃப்லைன்ல வேலை செய்யாத ஃபாரத்த அங்க எடுத்துட்டே போகாதீங்க. ஓடிகேனு போன்ல ஃபாரம் நிரப்பற ஆப் மாதிரி ஒண்ணு போதும், போன்லயே சேமிச்சு கீழ வந்து அனுப்பிக்கலாம். இன்னும் கஷ்டம் "வீட்டுக்காரர் எங்க?"ங்கற கேள்வி. ஆம்பளைங்க வேலை தேடி கேரளா, கர்நாடகா எஸ்டேட்டுக்குப் போயிருப்பாங்க, சிலர் எங்க போனாங்கனு வீட்ல சொல்ல மாட்டாங்க. 2015 ஏப்ரல்ல செம்மரம் வெட்டினாங்கனு ஆந்திரா சேஷாசலம் காட்டுல இருபது பேர போலீஸ் சுட்டுக் கொன்னாங்களே, அதுல ஜவ்வாது மலைக்காரங்களும் இருந்தாங்க, அதுக்கப்பறம் போன கைல வெச்சுட்டு வந்து ஆம்பள எங்கனு கேக்கறவன யார் நம்புவா? எங்களுக்கு ஊர் தேவையில்ல, "இந்த மாசம் எத்தன ராத்திரி இந்த வீட்ல தூங்கினார்?"னு கேட்டோம். மலேரியாவுக்கோ தட்டம்மைக்கோ மாடலுக்கு வேண்டியது அதான், அவங்களுக்கும் சொல்றதுல பயமில்ல. ஜிபிஎஸ் புள்ளிய வீட்டு வாசல்ல எடுக்காம தெரு முனைல எடுத்துக்கிட்டோம்.

இதெல்லாத்துலயும் நான் ஒண்ணே ஒண்ண விடாப்பிடியா சொல்லுவேன்னா அது இது: போன் எடுக்காதவங்க சும்மா எடுக்காதவங்க இல்ல. எடுத்தவங்களும் எடுக்காதவங்களும் ஒரே மாதிரி ஆளுங்கனு நெனச்சு கணக்கு போட்டா, சூளைக்காரங்க, மலைக்காரங்க, போன் இல்லாத ஆயாங்க எல்லாம் மாடல்லேர்ந்து காணாமப் போயிடுவாங்க, யாருக்கு நோய் அதிகமோ அவங்களேதான். வெயிட் குடுத்து, அதாவது கம்மியா பதில் சொன்ன கூட்டத்தோட பதில கூடுதலா எண்ணி, சரி பண்ணிடலாம்பாங்க, டேட்டாவுல ஒருத்தர் கூட இல்லாத கூட்டத்துக்கு எந்த வெயிட்டக் குடுப்பீங்க? பதில் தராதவங்கள்ல ஒரு பங்க குலுக்கல்ல எடுத்து நேர்ல போய்க் கேக்கறதுனு ஹேன்சன், ஹர்விட்ஸ்னு ரெண்டு பேர் 1946லயே எழுதி வெச்சுட்டாங்க, அப்ப அது தபால் சர்வேக்கு. பட்ஜெட் போடறப்பவே அந்த நேர்ப் பயணத்துக்குக் காசு ஒதுக்கிடுங்க, கடைசில கேட்டா குடுக்க மாட்டாங்க.

வெளிநாட்டு எண்ணுங்கள அப்படியே எடுத்துப் போடறதும் இதே வியாதிதான். போலியோ சொட்டு மருந்து மூணு தடவ குடுத்தா போதும்னு உலகமே நம்பிட்டிருந்தப்போ, வேலூர் சிஎம்சில டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970கள்லயே இங்க கொழந்தைங்க நெறைய பேருக்கு மூணு டோஸ்ல எதிர்ப்பு சக்தி வரலனு காட்டினார். நம்ம மண்ணுல அளந்த எண். இன்னிக்கு மாடல் போடறவங்க யார் யாரோட ஒரு நாள்ல பேசிப் பழகறாங்கங்கறதுக்கு பாலிமாட் கணக்க எடுப்பாங்க, அது ஐரோப்பால எட்டு நாட்டுல டைரி குடுத்து எழுதி வாங்கினது, மத்த நாட்டுக்கெல்லாம் வயசுக் கணக்கு, வீட்டு அமைப்பு வெச்சு நீட்டினதுதான். பேத்திய மடில போட்டுட்டு பீடி சுத்தற ஆயா அதுல எவ்ளோ தூரம் வருவாங்க? நம்ம ஊர்ல அளந்த எண் கெடைச்சா அத எடுங்க, இல்லாட்டி ஒரே எண்ணப் போடாம, குறைஞ்சபட்சம் அதிகபட்சம் ரெண்டையும் போட்டு ஓட்டி, விடை எவ்ளோ ஆடுதுனு காட்டுங்க. ஆடினா ஆடுதுனு சொல்லிடலாம், கலெக்டர் ஆபீஸ்ல அதுக்காக யாரும் அடிக்க மாட்டாங்க.

வயசு கேக்கறப்போ எல்லாரும் அம்பது, அறுபது, அறுவத்தஞ்சுனு ரவுண்டாதான் சொல்வாங்க, கிராஃப் போட்டா பல்லு பல்லா நிக்கும். ஊர்ச் சம்பவத்த வெச்சுக் கேளுங்க. எம்ஜிஆர் செத்தப்போ, அது 1987 டிசம்பர், உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா? ஸ்ரீபுரம் தங்கக் கோயில் தெறந்தப்போ, அது 2007, இவன் பள்ளிக்கூடம் போனானா? பாலாத்துல வெள்ளம் போனப்போ, 2021 நவம்பர், இந்தப் புள்ள வயித்துலயா கைலயா? கடைசி கேள்விக்குத் தப்பான பதிலே வராது, பாலாத்துல தண்ணிய அப்படி பாத்தத யாரும் மறக்கல. சித்திரை வைகாசில ஃபீல்டு வேலை வெக்காதீங்க, வேலூர் வெயில்ல மத்தியானத்துக்கு மேல போன் சூடாகி தானா ஆஃப் ஆவுது, ஆளும் அப்படித்தான்.

இந்த வேலை நெசமா எப்படி நடக்கணும்னு பாக்க ஆசைப்படறவங்க கணியம்பாடி ஒன்றியத்தப் பத்திப் படிங்க. சிஎம்சியோட சமுதாய சுகாதாரத் துறை பல பத்து வருஷமா அங்க பொறப்பு, சாவு, கர்ப்பம் எல்லாத்தையும் விடாம பதிவு பண்ணிட்டு வருது, ஊருக்கு ஊர் அங்கயே குடியிருக்கற பொம்பளைங்கதான் மொத கண்ணு. போனும் ஆப்பும் வர்றதுக்கு எவ்ளோவோ முன்னாடி. யார் வந்தா, யார் போனா, யார் முழுகாம இருக்காங்கறது அவங்களுக்குத் தெரியும், நம்ம ஆப் செய்ய வேண்டியது அவங்க நோட்ட சீக்கிரமா மேல கொண்டு போறது, அவங்க வேலைய நாமளே செய்யறோம்னு கெளம்பறது இல்ல. மாசம் முடிஞ்சா அவங்க ஊர் எண்ண அவங்களுக்கே திருப்பிக் காட்டுங்க, ஒரு பக்கம், பெரிய எழுத்துல. "இது தப்பு மேடம், அந்தப் புள்ள செத்துப் போச்சு"னு சொல்றது அப்பதான்.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம், மாவட்டக் கணக்கு. 2011 சென்சஸ்ல வேலூர் மாவட்டம் 39 லட்சத்துக்கு மேல. 2019ல அதப் பிரிச்சு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணாக்கிட்டாங்க, இன்னும் சில பேர் ஆராய்ச்சிக் கட்டுரைல பழைய 39 லட்சத்த புது வேலூருக்குக் கீழ வெச்சு வகுக்கறாங்க, நோய் பாதிக்கும் கீழ கொறஞ்ச மாதிரி தெரியுது. 2021ல வர வேண்டிய சென்சஸ் தள்ளித் தள்ளிப் போய், இப்ப 2027 மார்ச் 1 தேதிய வெச்சு எடுக்கறதா அறிவிச்சிருக்காங்க, அதுவும் மொபைல் ஆப்ல. அந்த எண் வந்ததும் நீங்க போட்டு வெச்ச சதவீதம் எல்லாம் மாறும். அதனால ஜனத்தொகைய ப்ரோக்ராம் கோடு நடுவுல டைப் பண்ணி வெக்காதீங்க, தனி ஷீட்ல, ஒன்றியம் வாரியா, எந்த வருஷம், எந்த எல்லை, எங்கேர்ந்து எடுத்ததுனு பக்கத்துலயே எழுதி வெச்சிருங்க, எண் வந்த அன்னிக்கு அந்த ஒரு ஷீட்ட மாத்திட்டு மறுபடி ஓட்டிக்கலாம்.